சொக்கலேற்றும் சுகவாழ்வும்

(இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

உடல்நலம் பற்றி ஏதேனும் பேசவேண்டும் என்று மன்றச் செயலாளர் என்னைக் கேட்டபோது, சொக்கலேற்றைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். ஆயுட்காலமெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்த கிழவர், சிறுபிள்ளைகளின் தின்பண்டத்தைப் பற்றியா பேசப்போகிறார் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் பேசி முடிக்கும்போது அந்தச் சிரிப்பிற் பாதியாவது குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

கூட்டம் தொடங்குமுன் தொண்டர்கள் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கடதாசியிற் சுற்றிய சிறு கறுப்புச் சொக்கலேற் துண்டு ஒன்றைத் தந்தார்கள். நான் சொல்லும்வரை அதைத் தின்னவேண்டாம் என்றும் சொன்னார்கள். முன்வரிசையிலுள்ள சிறுவர் சிலரிடம் இப்போது கடதாசி மாத்திரமே மிஞ்சியிருக்கக் காண்கிறேன். அவர்களை நான் குறைகூற மாட்டேன். ஏனெனில், நான் செய்த பிழையும் அதுவே. அதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நமது பகுதியிற் சொக்கலேற் என்று சொல்வார் குறைவு; எந்தக் கம்பனி செய்ததாயினும் "கண்டோஸ்" என்றே சொல்வோம். ஒரு வியாபாரப் பெயர் ஒரு பண்டத்துக்கே பெயராகிவிடும் அளவுக்கு அது நம் வீடுகளிற் பழகிவிட்டது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வரும் நம் பிள்ளைகளின் பெட்டியைத் திறந்தால் உடுப்புக்கு மேலே இருப்பது அதுதான். என் மகளும் அவ்வாறே அனுப்புகிறாள். எனக்குச் சலரோகம் கண்டு சில ஆண்டுகளாகின்றன என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே இனிப்புக் குறைந்த கறுப்புச் சொக்கலேற்றாகப் பார்த்து அனுப்பினாள். அத்தோடு தொலைபேசியில் ஒரு செய்தியும் வந்தது. கறுப்புச் சொக்கலேற் இருதயத்துக்கு மருந்து, இரத்த அழுத்தத்துக்கு மருந்து, ஞாபக சக்திக்கு மருந்து என்று அதில் எழுதியிருந்தது. யார் எழுதினார், எதைக் கொண்டு எழுதினார் என்று விசாரிக்கவேண்டியது விஞ்ஞான ஆசிரியனின் கடமை. எனக்கோ விசாரிக்க மனமில்லை. வேண்டிய விடைதானே கிடைத்திருக்கிறது! இரவுச் சாப்பாட்டின்பின் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, மருந்து என்று பெயர்வைத்து, பாதிப் பலகையை உடைத்துத் தின்று வந்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த வைத்தியர் அம்மா, "ஐயா, மருந்தைக் குறைத்தீர்களா, தீனியைக் கூட்டினீர்களா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சொக்கலேற் கெட்டதில்லை ஐயா, நீங்கள் அதைத் தின்றபோது எங்கே இருந்தீர்கள்?" என்றார். அக்கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று தொடங்கிப் படித்தவற்றையும் பழகியவற்றையுமே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் இந்தப் பண்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சொக்கலேற் ஒரு மரத்தின் விதை. அம்மரம் கொக்கோ. தென்னமெரிக்காவின் அமேசன் காட்டுப் பகுதியே அதன் தாயகம். சுவீடன் தேசத்துத் தாவர அறிஞர் இலின்னேயசு 1753இல் அதற்குச் சூட்டிய பெயருக்குத் "தேவர்களின் உணவு" என்பது பொருள். நமது நாட்டிலும் மாத்தளை, கண்டி, குருநாகல், மொனராகலைப் பகுதிகளில் அது பயிராகிறது. நிழலும் ஈரமும் வேண்டும் மரமாதலால், நமது கரையோர மணலுக்கும் கச்சான் காற்றுக்கும் அது இசையாது. அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கும் அதன் காயைப் பிளந்தால், வெண்ணிறச் சதை போர்த்த முப்பது நாற்பது விதைகள் இருக்கும். அவற்றைச் சில நாட்கள் குவித்துப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து, அரைத்தால் வருவது கொக்கோ. அது கசப்பு. பாகற்காயைப் போலக் கசக்காவிட்டாலும், ஒரு பிள்ளையும் வாங்கித்தா என்று அழாத அளவுக்குக் கசப்பு.

மத்திய அமெரிக்காவின் மாயா மக்களும் பின்னர் அஸ்தெக் மக்களும் அதைப் பானமாகவே அருந்தினர். சீனி சேர்த்தவர் ஐரோப்பியர். 1828இல் ஒல்லாந்தரான வான் ஹூட்டன் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1847இல் இங்கிலாந்தின் பிறை கம்பனி கடித்துத் தின்னும் சொக்கலேற்றைச் செய்தது. 1875இல் சுவிற்சர்லாந்தின் தானியேல் பீற்றர் பாலைச் சேர்த்தார். எனவே நாம் இன்று தின்னும் பாற் சொக்கலேற்றின் வயது 150 ஆண்டுகள் அளவேயாகும். தேவர்களின் உணவு என்று பெயர்பெற்றது கசப்பான விதை; நம் பிள்ளைகள் கேட்பது சீனியும் பாலும். ஒன்றின் புகழை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்வதிலேதான் குழப்பம் தொடங்குகிறது.

கொக்கோவிலே நன்மை உண்டா? உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. பனாமா நாட்டுக் கரையோரத்திலே சான் பிளாஸ் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வாழும் குணா மக்கள், நம்மைப்போல் மீனும் தேங்காயும் உண்பவர்கள், நாள்தோறும் கொக்கோப் பானம் பல கோப்பை குடிப்பவர்கள். ஹார்வாட் பல்கலைக்கழகத்து வைத்தியர் நோர்மன் ஹொலன்பேர்க் 1990களில் அவர்களை ஆராய்ந்தார். தீவிலே வாழ்ந்தவரையில் வயது ஏறியும் அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறவில்லை. பனாமா நகருக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு ஏறியது. கொக்கோவிலுள்ள பிளவனோல் என்னும் பொருள் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆயினும் நகரத்துக்குப் போனவன் விட்டுவிட்டது கொக்கோவை மாத்திரமா? துடுப்பை விட்டான், தோட்ட வேலையை விட்டான், இரவு நித்திரையையும் விட்டிருப்பான். எந்த இழப்பு எந்த நோயைத் தந்தது என்று பிரித்தறிவது எளிதன்று.

ஆகவே அறிஞர்கள் பரிசோதனை செய்தார்கள். 1804 பேரைக் கொண்டு நடந்த பல பரிசோதனைகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பிளவனோல் மிகுந்த கொக்கோ இரத்த அழுத்தத்தை 1.8 மில்லிமீற்றர் அளவு குறைப்பதாக அது கண்டது. குறைகிறது என்பது உண்மை. சிறிதே குறைகிறது என்பதும் உண்மை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2012இல், நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் பிளவனோல் இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சியைக் காக்க உதவும் என்று ஏற்றுக்கொண்டது. பிளவனோல் கெடாதபடி விசேடமாகச் செய்யப்பட்ட கறுப்புச் சொக்கலேற்றில் 10 கிராம் அதற்குப் போதும் என்றும் சொன்னது. 10 கிராம் எவ்வளவு? உங்கள் கையிலிருக்கும் அந்தச் சிறு துண்டுதான். பாதிப் பலகையன்று.

இன்னும் பெரிதான பரிசோதனை ஒன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 21,442 முதியோரைக் கொண்டு, சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது. பாதிப்பேருக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கொக்கோப் பிளவனோல் அடங்கிய மாத்திரை கொடுத்தார்கள். மற்றோருக்கு வெறும் மாத்திரை. மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய நிகழ்ச்சிகள் யாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருதய நோயால் இறந்தோர் தொகை மாத்திரம் கொக்கோ உண்டோரிடையே 27 வீதம் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இங்கே இரண்டு விடயங்களை மறக்கலாகாது. அவர்கள் விழுங்கியது மாத்திரை. சீனியும் கொழுப்பும் சேர்ந்த சொக்கலேற்றன்று. அந்த ஆய்வுக்குப் பணவுதவி செய்தோருள் சொக்கலேற் செய்யும் மார்ஸ் கம்பனியும் ஒன்று. பணம் தந்தார் என்பதால் முடிவு பொய்யாகிவிடாது. எனினும் படிப்பவர் இதையும் தெரிந்துகொண்டு படிக்கவேண்டும். 2023இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம், பிளவனோல் மிகுந்த கொக்கோத் தூளைப் பற்றி மாத்திரம், மிகச் சிறிதளவே சான்று உண்டு என்ற எச்சரிக்கையோடு இருதய நலன் பற்றி எழுத இடமளித்தது. கடையில் விற்கும் சாதாரணச் சொக்கலேற்றுக்கு அந்த அனுமதி இல்லை.

ஏன் இல்லை? கொக்கோ புளிக்கும்போது பிளவனோலில் ஒரு பங்கு போகிறது. வறுக்கும்போது ஒரு பங்கு போகிறது. கசப்பைக் குறைத்து நிறத்தைக் கூட்டுவதற்குக் காரம் சேர்க்கும்போது பெரும்பங்கு போகிறது. பின்பு அதன்மேல் சீனி வருகிறது. நூறு கிராம் பாற் சொக்கலேற்றில் ஏறக்குறையப் பாதி சீனி. உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் நாளுக்கு உண்ணும் சேர்த்த சீனி 50 கிராமுக்குள் அடங்கவேண்டும். 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நன்று. எனவே 50 கிராம் பாற் சொக்கலேற் ஒன்றைத் தின்றவர், தேத்தண்ணீருக்கு ஒரு கரண்டி சீனி போடுமுன்னரே அன்றைய நல்ல அளவை முடித்துவிடுகிறார். சக்தியைக் கணக்கிட்டால், நூறு கிராம் சொக்கலேற் ஒரு இறாத்தலுக்குச் சற்றுக் குறைந்த சோற்றுக்குச் சமம். ஒரு கோப்பைச் சோற்றைத் தின்றவன் வயிறு நிறைந்து எழுந்துபோகிறான். சொக்கலேற் தின்றவன் கையைத் துடைத்துக்கொண்டு சோற்றுக்கு வந்து குந்துகிறான்.

கறுப்புச் சொக்கலேற் என்றால் அளவின்றித் தின்னலாம் என்று எண்ணுவோருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022இல் அமெரிக்காவின் நுகர்வோர் சஞ்சிகை ஒன்று 28 கறுப்புச் சொக்கலேற்றுகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் ஈயமும் கட்மியமும் காணப்பட்டன. 23 வகைகளில், நாளுக்கு ஓர் அவுன்சு தின்றாலே அச்சஞ்சிகை அளவுகோலாகக் கொண்ட எல்லையை மீறும் அளவுக்கு அவற்றில் ஒன்றாவது இருந்தது. கொக்கோ மிகுந்தால் மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் வருவதும் மிகும். ஆகவே கர்ப்பிணித் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் அதை நாள்தோறும் தின்பதைத் தவிர்ப்பது நன்று.

இனி நம் ஊருக்கு வருவோம். இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சலரோகம் உண்டென 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. என் அக்காவும் அவ்வாறு தெரியாதிருந்தவர். காலிற் சிறு முள் தைத்தது, புண் ஆறவில்லை. ஆறாமைக்குக் காரணம் கேட்கப் போனபோதுதான் நோய் தெரிந்தது. அதற்குள் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. அவர் ஒருநாளும் சொக்கலேற் தின்றவரல்லர். நாளுக்கு ஆறு தேத்தண்ணீரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனியும், யோசனையின்றிப் போட்ட சோறுமே அவரது உணவு. ஆகையால் சொக்கலேற்றை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. என்ன தின்றோம் என்பதும் எவ்வளவு தின்றோம் என்பதும் தின்றவருக்கே தெரியாதிருப்பதுதான் உண்மையான நோய்.

வைத்தியர் அம்மா "எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டதன் பொருள் இதுவே. என் கை சொக்கலேற்றில் இருந்தது. கண் தொலைக்காட்சியில் இருந்தது. மனம் வேறெங்கோ இருந்தது. நாக்குக்கு மாத்திரம் வேலை. வயிறு போதும் என்று சொல்லச் சிறிது நேரம் எடுக்கும். அது சொல்லுமுன் நாம் முடித்துவிடுகிறோம்.

கவனத்தோடு உண்ணல் என்பதை இன்று மேல்நாட்டார் ஒரு பயிற்சியாகக் கற்பிக்கிறார்கள். மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபற்சின் என்பவர் 1979இல் தொடங்கிய வகுப்பில், பௌத்த தியான முறையைத் தழுவி, ஒரேயொரு முந்திரிகை வத்தலைப் பல நிமிடம் பார்த்து, முகர்ந்து, மென்று உண்ணப் பழக்கினார். இப்பயிற்சி அவாவினாலும் கவலையினாலும் உண்ணும் பழக்கத்தைத் தளர்த்துகிறது என்று ஆய்வுகள் பல கூறுகின்றன. உடற்பாரத்தை அது தானாகக் குறைத்துவிடும் என்று உறுதிகூற அவை முன்வரவில்லை.

இது நமக்குப் புதிதா? வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மூலிகையின் பெயர் ஒன்றையும் சொல்லாமல், முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணும்படி சொன்னார். நம் பெரியோர் இலையைச் சுற்றி நீர் தெளித்து ஒரு கணம் கண்மூடியபின்பே கைவைத்தார்கள். கோயிலிலே பிரசாதம் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். இரு கையையும் ஏந்தி வாங்குகிறோம். கிடைப்பது ஒரு கைப்பிடி சர்க்கரைப் பொங்கல். ஓரமாய் நின்று, சிந்தாமல், கடைசிப் பருக்கைவரை உண்கிறோம். இன்னொரு வாளி வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை; குறைந்தது என்று யாரும் வருந்துவதுமில்லை. வீட்டிலே அதே பொங்கல் கோப்பை நிறைய இருந்தும் திருப்தி வருவதில்லை. பொங்கல் ஒன்றே, உண்ணும் மனம் வேறு.

என் அம்மம்மா பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்பார். ஒரு கடி, ஒரு மிடறு. நகத்தளவு பனங்கட்டி ஒரு கோப்பை முழுவதற்கும் போதும். அதை வறுமை என்று நாங்கள் எண்ணினோம். இனிப்பை நாக்குக்கு நேரே கொடுத்தால் சிறிதளவே போதும் என்ற அறிவும் அதில் இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. சீனியைத் தேத்தண்ணீரிற் கரைத்தபோது நாம் அளவையும் அதனுடன் கரைத்துவிட்டோம்.

இப்போது உங்கள் கையிலுள்ள துண்டுக்கு வருவோம். சலரோகமுள்ள பெரியோர் விரும்பினால் அதைப் பக்கத்திலிருக்கும் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் கடதாசியை மெதுவாகப் பிரியுங்கள். இந்த மண்டபத்து வெக்கையில் அது சற்று இளகியிருக்கும். கொக்கோக் கொழுப்பு 34 பாகை அளவிலே உருகும். நம் உடற்சூடு 37 பாகை. ஆகையால் இதற்குப் பல்லே வேண்டியதில்லை. சிலருடைய துண்டில் வெண்மை படர்ந்திருந்தால் அது பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். உருகி மீண்டும் உறைந்த கொழுப்பே பெரும்பாலும் அவ்வாறு தோன்றும். முதலில் முகர்ந்து பாருங்கள். பின்பு நாக்கின்மேல் வையுங்கள். கடிக்காதீர்கள். முதலில் இனிப்பு வரும். அடுத்துக் கசப்பு வரும். கடைசியில் வறுத்த கோப்பியைப் போன்ற ஒரு வாசம் மிஞ்சும். அது முழுதும் கரைந்து மறையும்வரை நான் பேசாமல் நிற்கிறேன்.

(சிறிது நேரம் மௌனம்)

இவ்வளவு நேரம் ஒரு சொக்கலேற் துண்டு உங்கள் வாயிலிருந்ததுண்டா? இன்னொன்று வேண்டும் என்று இப்போது எத்தனைபேர் கையை உயர்த்துவீர்கள்? மூன்று கைகளே தெரிகின்றன. மூன்றும் கடதாசி மாத்திரம் வைத்திருந்த முன்வரிசைக் கைகள்! நான் சொல்லவந்ததை அச்சிறுவர்களே எனக்காகச் சொல்லிவிட்டார்கள்.

இளைஞர்களே, நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. கடையில் வாங்குமுன் பொதியின் பின்புறத்தைப் படியுங்கள். எதன் பெயர் முதலில் நிற்கிறதோ அதுவே அதில் மிகுதி. சீனி முதலில் நின்றால் நீங்கள் வாங்குவது சீனி. 2016 முதல் நமது நாட்டிற் குளிர்பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வந்தது, அதையும் பாருங்கள். சொக்கலேற் தின்பதானால் இருந்து தின்னுங்கள், தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தின்னுங்கள், பங்கிட்டுத் தின்னுங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தால் ஒரே நாளில் உடைக்காமல், ஒரு துண்டு ஒருவருக்கு என்று அம்மாவிடம் பொறுப்புக் கொடுங்கள். வீட்டு நாய்க்கு மாத்திரம் ஒரு துண்டும் போடாதீர்கள். கொக்கோவிலுள்ள தியோபுரோமின் அதற்கு நஞ்சு.

வீட்டிற் சலரோகத்துக்கு மருந்தெடுப்போர் திடீரென வியர்த்து, கை நடுங்கி, தலைசுற்றினால் அது சீனி குறைந்த அடையாளமாயிருக்கலாம். அப்போது சொக்கலேற்றைத் தேடாதீர்கள். அதன் கொழுப்பு, சீனி இரத்தத்திற் சேர்வதைத் தாமதிக்கும். அறிவோடிருப்பவருக்கு உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் காலில் முள் தைக்கும்வரை காத்திராமல், அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவை அழைத்துச் செல்வதை இம்மன்றத்து இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வாண்டின் கடமையாகக் கொண்டால், என் பேச்சு வீண்போகவில்லை என மகிழ்வேன்.

இன்றும் என் மகள் சொக்கலேற் அனுப்புகிறாள். வாரத்தில் இரண்டு நாள், சாப்பாட்டின்பின், ஒரு துண்டு. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, திண்ணையில் இருந்து அதைக் கரையவிடுகிறேன். அது மருந்து என்று நான் இப்போது நம்புவதில்லை. ஆனால் முன்பு பாதிப் பலகையில் கிடைக்காத சுவை அந்த ஒரு துண்டிலே கிடைக்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளும் வைத்தியர் அம்மாவின் முகத்தைச் சுளிக்கவைப்பதில்லை.

நமது ஊர்ப் பெயரிலே தேற்றா மரம் நிற்கிறது. கலங்கல் நீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், மண் அடியிற் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும் என்பது நம் முன்னோர் அறிந்த வித்தை. கொட்டை எவ்வளவு நல்லதாயினும், பானையை ஆட்டிக்கொண்டேயிருந்தால் நீர் தெளியாது. உணவு விடயமும் அத்தகையதே. சிறிது நேரம் அசையாமல் இருந்து உண்ணுங்கள். தெளிவு தானே வரும்.

முன்வரிசைச் சிறுவர்கள் மூவரும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். உங்களுக்கென்று மூன்று துண்டுகள் எடுத்து வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் இருந்து, மெதுவாகத் தின்னவேண்டும்.